"எங்க மெஷின்ல வரலையே" என்று இனி எழுத மாட்டேன்

ஒரே புகாருக்கு மூன்று முறை இந்தப் பதிலை அனுப்பியிருக்கிறேன். அது இன்னும் மனதை உறுத்துகிறது, அதனால்தான் இந்த நீளமான பதிவு.

பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் மோட்டார் கன்ட்ரோலர் போர்டுகளுக்கு ஃபர்ம்வேர், அதாவது போர்டுக்குள்ளேயே இருந்து ஓடும் மென்பொருள், எழுதுகிறார் ஒரு பெண். புரோகிராமை நிறுத்தி நிறுத்தி ஓட்டிப் பிழை தேட அவர்கள் பயன்படுத்தும் கருவியான டீபக்கரைப் பராமரிக்கும் குழுவில் நான் இருக்கிறேன், கொழிஞ்சாம்பாறையில் வீட்டிலிருந்தே வேலை. ஒவ்வொரு வரியாக ஓட்டும் ஸ்டெப் ஓவர் பொத்தானை அழுத்திக்கொண்டே போனால் திடீரென்று டீபக்கர் செத்துவிடுகிறது என்பது அவர் புகார். அவர் எழுதிய ஃபர்ம்வேர் நன்றாகத்தான் ஓடுகிறது. பிழை கண்டுபிடிக்க உதவ வேண்டிய கருவிதான் விழுகிறது. அவர் எழுதித் தந்த படிகளை ஒன்றுவிடாமல் செய்து பார்த்தேன், வரவில்லை. மூன்றாவது பதிலுக்குப் பிறகு போனில் வந்தார்.

"இங்க தெனமும் வருதுங்ணா. நாங்க என்ன பொய்யா சொல்றோம்?"

மறுநாள் காலை பஸ் ஏறிக் கஞ்சிக்கோட்டுக்குப் போனேன். அதற்கு முந்தைய இரவு ஒரு சின்ன அடுக்கு எழுதி வைத்திருந்தேன். எடிட்டருக்கும் டீபக்கருக்கும் நடுவில் அது உட்காரும். டீபக்கரிடம் வேலை சொல்வதற்கான வாசல்தான் அதன் ஏபிஐ. எடிட்டர் எந்த ஏபிஐயைக் கூப்பிட்டது, என்ன கொடுத்தது, என்ன திரும்பி வந்தது, ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகளில், அதாவது த்ரெட்களில், எதிலிருந்து கூப்பிட்டது, எல்லாவற்றையும் வரிசையாக ஒரு கோப்பில் எழுதிவிடும். வேறு எதையும் தொடாது.

எங்கப்பா லாரி ஓட்டியவர். ஜிஎஸ்டி வருவதற்கு முன்பு வாளையார் செக்போஸ்ட்டில் ராத்திரி முழுக்க வரிசையில் நின்ற கதை நிறையச் சொல்வார். பில், பர்மிட், சரக்கு எல்லாம் அங்கே பதிவாகும். லாரி எந்த ஊரில் டீ குடிக்க நின்றது என்று அந்த நோட்டுக்குத் தெரியாது, ஆனால் எல்லையைத் தாண்டியது எதுவும் அதற்குத் தப்பாது. ஏபிஐயில் பதிவு எடுப்பதும் இதுதான். டீபக்கருக்கு உள்ளே நடக்கும் ஆயிரம் விஷயங்களைத் துரத்தாமல், வாசலில் நின்று போவதையும் வருவதையும் எழுதிக்கொள்வது.

அன்று அவர் ஸ்டெப் ஓவர் அழுத்தினார், அழுத்தினார், செத்தது. கோப்பை வாங்கிக்கொண்டு வந்து ராத்திரி திறந்தேன். ஸ்டெப். நின்றது. நின்ற இடத்தில் ஓடிக்கொண்டிருந்த செயற்கூற்றின் விவரத்தை, அதாவது ஃப்ரேமை, வாங்கியது. ஸ்டெப். இந்த இரண்டாவது ஸ்டெப் முடிவதற்குள், வேறொரு த்ரெட்டிலிருந்து ஓர் அழைப்பு: பழைய ஃப்ரேமிடமே ஒரு மாறியின் மதிப்பைக் கேட்கிறது. அந்த அழைப்பு அவர் எழுதித் தந்த படிகளில் இல்லை. இருக்கவும் முடியாது, ஏனென்றால் அதைச் செய்தது அவரில்லை. அவர் திரையின் ஓரத்தில், மாறிகளின் மதிப்பைக் காட்டும் வாட்ச் ஜன்னல் திறந்திருந்தது. அது தானாகவே விட்டு விட்டு மதிப்புகளைப் புதுப்பித்துக்கொண்டிருந்தது. என் மெஷினில் அந்த ஜன்னலை நான் திறப்பதே இல்லை.

இதை நினைத்தால் இப்போதும் ஒரு மாதிரி இருக்கிறது. "என்ன செய்தீர்கள், படிப்படியாக எழுதுங்கள்" என்று கேட்கிறோம். மனிதருக்கு நினைவிருப்பது தன் விரல் செய்தது மட்டும்தான். ஜன்னல்களும் டைமர்களும் பிளகின்களும் அவர் பெயரில் செய்ததை அவர் எப்படி எழுதுவார்? அவர் பொய் சொல்லவில்லை, மறக்கவும் இல்லை. நாங்கள்தான் அவரால் பதில் சொல்லவே முடியாத கேள்வியைக் கேட்டோம்.

அதே அழைப்புகளை அதே வரிசையில் என் மெஷினில் ஓட்டினால் பிழையும் வர வேண்டும். ஆனால் பதிவை மறுபடி ஓட்டுவது சுலபமில்லை. முதல் சிக்கல் முகவரிகள். அன்று ஃப்ரேம் இருந்த நினைவக முகவரி இன்று வேறு. அதனால் ஒவ்வொரு பொருளும் முதல்முறை வெளியே வரும்போது அதற்கு ஒரு வரிசை எண் கொடுத்து, பிறகு எங்கும் அந்த எண்ணையே எழுத வேண்டும். ஓட்டும்போது ஏழாம் எண் ஃப்ரேம் என்றால் இன்றைய ஏழாவது பொருளைக் கொடுக்கலாம்.

இரண்டாவது, போர்டு. அது கஞ்சிக்கோட்டில், நான் இங்கே. எனவே டீபக்கர் போர்டோடு பேசிய பேச்சையும் பதிந்திருந்தேன். ஜிடிபி என்ற டீபக்கர் தூரத்துப் போர்டோடு பேசும் முறையான ரிமோட் புரோட்டோகாலில் அந்தப் பேச்சு மிகச் சின்னது. செயலிக்குள் இருக்கும் சின்னச் சேமிப்பிடங்களான ரெஜிஸ்டர்களைக் கொடு என்பதற்கு டாலர் குறி, 'ஜி' என்ற ஒரே எழுத்து, ஹாஷ், பிறகு 67. அந்த 67 சரிபார்ப்புத் தொகை. ஓர் எழுத்துதான் போகிறது என்பதால் அந்த எழுத்தின் பதினாறடிமானக் குறியீடே தொகையாகிவிடுகிறது. இப்படி ஒவ்வொரு கேள்விக்கும் அன்று போர்டு சொன்ன பதிலையே திருப்பிச் சொல்ல ஒரு சின்ன சர்வர் போதும். ஜிடிபியின் துணைக் கருவியான ஜிடிபிசர்வரோடு ஜிடிபிரீப்ளே என்ற கருவி இதற்காகவே வருகிறது. எத்தனை பேர் அதைத் தொட்டிருப்பார்கள்?

ஓட்டினேன். என் மேசையில், போர்டே இல்லாமல், அதே இடத்தில் செத்தது. இரண்டாம் முறையும், மூன்றாம் முறையும்.

எல்லா வியாதிக்கும் இது மருந்து என்று நான் சொல்லவில்லை. எங்கள் பிழை அழைப்புகளின் வரிசையில் இருந்ததால் மாட்டியது. டீபக்கருக்குள்ளேயே இரண்டு த்ரெட்கள் முட்டிக்கொண்டிருந்தால் வாசல் நோட்டு போதாது. அதற்கு மொசில்லாவில் பிறந்த ஆர்ஆர் மாதிரி முழுப் புரோகிராமையும் பதியும் கருவி வேண்டும். அது எல்லா த்ரெட்களையும் செயலியின் ஒரே கோரில் ஓட்டி, அது கடந்த நிபந்தனைக் கிளைகளை எண்ணி, குறுக்கீடு விழுந்த இடத்தைத் துல்லியமாகத் திரும்பக் கொண்டுவருகிறது. ஆனால் அது லினக்ஸுக்கு மட்டும். அந்தத் தொழிற்சாலையில் விண்டோஸ்.

எல்எல்டிபி என்ற இன்னொரு டீபக்கருக்கும் ஒரு காலத்தில் இந்த வசதி இருந்தது. ரீப்ரொட்யூசர் என்று பெயர். ஏபிஐ அழைப்புகள், பயன்பட்ட கோப்புகள், ரிமோட் பேச்சு எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தரும். அதற்காக ஏபிஐயின் ஒவ்வொரு செயற்கூற்றிலும் பதிவு எடுப்பதற்கான ஒரு மேக்ரோ, அதாவது சுருக்கக் குறியீடு, எழுதி வைக்க வேண்டியிருந்தது. பிற்பாடு எடுத்துவிட்டார்கள். பராமரிக்கிறவன் என்ற முறையில் அந்தச் சுமை எனக்குப் புரிகிறது. புதிய பதிப்பு போர்டிடம் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டாலே பழைய பதிவில் அதற்குப் பதில் இருக்காது, ஓட்டம் அங்கேயே நின்றுவிடும். ஆனாலும் எடுத்ததில் எனக்கு வருத்தம்தான். பழுதைத் திரும்ப வரவழைக்கும் பாரத்தைப் புகார் சொல்கிறவர் தலையிலிருந்து இறக்கி, கருவியின் தலையில் வைத்த வடிவமைப்பு அது. அந்தப் பாரம் இருக்க வேண்டிய இடம் அதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பதிவுக் கோப்பு என்பது வெறும் கோப்பு இல்லை. அதில் அவர்கள் போர்டின் நினைவகம் இருக்கிறது, கோப்புறைப் பெயர்கள் இருக்கின்றன, சாவிகள்கூட இருக்கலாம். அந்தத் தொழிற்சாலையின் மேலாளர் கோப்பை வெளியே விடவே யோசித்தார். அவர் யோசித்தது சரி. அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரி வரியாகக் காட்டி, வேண்டாததை அழித்த பிறகுதான் வாங்கினேன். பதிவு எப்போதும் ஓடட்டும், கடைசிச் சில நிமிடங்களை மட்டும் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அனுப்புவது அவர்கள் படித்துப் பார்த்துச் சரி என்ற பிறகுதான். ரகசியமாக அனுப்பும் கருவியை நான் எழுத மாட்டேன், எங்கள் குழுவில் யாரையும் எழுத விடவும் மாட்டேன்.

திருத்தம் மூன்று வரிதான்: ஸ்டெப் தொடங்கியதும் பழைய ஃப்ரேம்கள் செல்லாதவையாகிவிடும், யார் கேட்டாலும் "இது முடிந்துபோனது" என்று பதில் வரும். அந்தப் பதிவு இப்போது எங்கள் டெஸ்ட்களில் ஒன்றாக ஒவ்வொரு இரவும் ஓடுகிறது. திருத்தத்தை அனுப்பிய மறுநாள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு, வாட்ச் ஜன்னலைப் பற்றிச் சொல்லி, அந்த மூன்று பதில்களுக்கும் மன்னிப்புக் கேட்டேன்.

"அந்த ஜன்னல் எப்பவுமே தொறந்துதானுங்ணா இருக்கும்," என்றார். "நீங்க கேக்கவே இல்லையே."