டிக்கெட் இலவசம், பஸ் எங்கே?

2021 மே மாதத்திலிருந்து சாதாரண கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம், நல்ல திட்டம், குறையே சொல்லவில்லை. ஆனால் பஸ் வந்தால்தானே ஏற முடியும்? சென்னையில் ஒன்றை விட்டால் இன்னொன்று (சென்னைக்காரர்கள் அடிக்க வராதீர்கள்), அதையும் விட்டால் மெட்ரோ, அதன் இரண்டாம் கட்டத்துக்கு மட்டும் 63,246 கோடி ரூபாய். எங்கள் பக்கம் டவுன் பஸ் காலையில் ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, நடுவில் வருவதெல்லாம் தனியார் பஸ், காசு கொடுத்துத்தான் ஆகணும். பூ விற்கிற அக்கா கூடையை இறக்கி வைப்பதற்குள் கண்டக்டர் லக்கேஜுக்கும் சேர்த்துக் கிழித்துவிடுகிறார். மானியத்துக்கு வரி மட்டும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி! கோவைக்கும் மதுரைக்கும் மெட்ரோ கேட்டால் மக்கள்தொகை 20 லட்சம் இல்லை என்கிறது டெல்லி. சரி, மெட்ரோவே வேண்டாம், மத்தியானம் ஒரு டவுன் பஸ் விடுங்கள், அதற்கும் தலை எண்ணுவீர்களா?