வெள்ளந்தின்னு சொல்லாதீங்க சாமி

அந்த இளநீர் வீடியோவை இதுவரைக்கும் ஒன்பது பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். ஒன்பதாவது ஆள் என் சொந்த மச்சான். கீழே "உங்க ஆளுகதான்" என்று எழுதி ஒரு சிரிக்கும் பொம்மை. அதனால் தயவுசெய்து கமெண்டில் மறுபடியும் போட வேண்டாம். பார்த்தாச்சு. சத்தம் வைத்தும் பார்த்தாச்சு, சத்தமில்லாமலும் பார்த்தாச்சு.

பார்க்காதவர்களுக்கு: காரில் வந்த ஒரு தம்பி, கிராமத்துப் பக்கம் புளியமரத்தடியில் இளநீர் விற்கிற ஒரு அம்மாவிடம் விலை கேட்கிறார், அந்த அம்மா 60 ரூபாய் என்கிறார். அது அதிகம் என்று பட்டால் அந்தத் தம்பி வேண்டாம் என்று போயிருக்கலாம். குறைத்துத் தருவீங்களா என்று கேட்டிருக்கலாம். இரண்டும் இல்லை. அரிவாளும் கையுமாக நின்ற அந்த அம்மாவின் முகத்துக்கு நேராகக் கேமராவை நீட்டி, "ஊருக்குள்ளயே இந்த விலையா?" என்று நாலு தரம் கேட்டுவிட்டு, அப்புறம் காருக்குள் ஏசியைப் போட்டு உட்கார்ந்து ஒரு பெருமூச்சு. "கிராமத்து மனுசங்களோட வெள்ளந்தித்தனம் செத்துப்போச்சு நண்பர்களே." பின்னணியில் புல்லாங்குழல் வேறு.

விலையை விடுங்கள். அந்த 'வெள்ளந்தி'தான் இரண்டு நாளாக எனக்குத் தொண்டையில் நிற்கிறது.

சரி, விலையையும் முழுசாக விட முடியாது. அந்த அம்மாவுக்குத் தோப்பு இருக்கிற மாதிரி தெரியவில்லை. வியாபாரியிடம் காய் எடுத்து, டெம்போ வாடகை கொடுத்து, நாள் முழுக்கப் புளியமரத்தடியில் நின்று, விற்காத காய் வாடினால் நட்டத்தைத் தானே ஏற்றுக்கொள்கிறவர். கோயமுத்தூரில் ஏதாவது ஒரு மாலுக்குள் இதே இளநீரைச் சீவி, மூடி போட்டு, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து என்ன விலை சொல்கிறார்கள் என்று அந்தத் தம்பிக்குத் தெரியும். அங்கே கேமராவை நீட்டியிருந்தால் செக்யூரிட்டி வந்திருப்பார். இங்கே யார் வருவார்கள்? பட்டி நாய்கூட வாலை ஆட்டிக்கொண்டுதான் நின்றது.

2023 வாக்கில் எங்கள் தோப்புத் தேங்காயை 8 ரூபாய்க்கும் 9 ரூபாய்க்கும் கேட்டார்கள். மரம் ஏறுகிறவருக்குக் கொடுத்து, உரிக்கிறவருக்குக் கொடுத்து, வண்டிக்குக் கொடுத்தது போக எங்களுக்கு மிஞ்சியது மட்டைதான். அதோடு அந்த வெள்ளை ஈ. 2016இல் பொள்ளாச்சிப் பக்கம் தலைகாட்டியது, இப்போது எங்கள் காங்கேயம் வரைக்கும் ஓலையெல்லாம் கரி பூசின மாதிரி ஆக்கி வைத்திருக்கிறது. அந்த வருடம் எந்தத் தம்பியாவது காரில் வந்து, "பாவம், 8 ரூபாயாமா" என்று கூட 2 ரூபாய் கொடுத்துவிட்டு, புல்லாங்குழல் வைத்து வீடியோ போட்டாரா? விலை விழுந்தால் அது மார்க்கெட். ஏறினால் எங்கள் குணம் கெட்டுவிட்டது.

இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெள்ளந்தி என்று நீங்கள் எங்களைப் பாராட்டும்போது, 'இவர்கள் கணக்குக் கேட்க மாட்டார்கள்' என்பதைத்தான் பாராட்டுகிறீர்கள். கேட்டுவிட்டால் உடனே பாராட்டைத் திரும்ப எடுத்துக்கொள்கிறீர்கள்.

எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, மாட்டு வியாபாரி கிடையாது, ஆனால் ஊரில் யார் மாடு பிடிக்கப் போனாலும் அவரைக் கூட்டிக்கொண்டுதான் போவார்கள். சித்திரையில் கண்ணபுரம் மாரியம்மன் தேரோடு கூடுகிற சந்தைக்கு என்னை இரண்டு முறை அழைத்துப் போயிருக்கிறார். விலையை வாய்விட்டுப் பேச மாட்டார்கள். துண்டைக் கைமேல் போட்டு, துண்டுக்கடியில் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். எந்த விரலைப் பிடித்தார், எத்தனை முறை அழுத்தினார் என்பது அந்த இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். அப்பாரு முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. அவர் பல்லைப் பார்த்து வயசு சொல்வார், சுழி பார்ப்பார், மாட்டை நாலு எட்டு நடக்கவிட்டுப் பார்ப்பார், கடைசியில் "புடிக்கலீங்" என்று பத்தடி தள்ளிப் போய் நிற்பார். பின்னாலேயே ஆள் வரும். ஒருமுறை ஒரு சோடி காளைக்கு இப்படியே மூன்று மணி நேரம் நடந்தது, எனக்குப் பசியில் கண் இருட்டிவிட்டது. அப்பாருவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது, கைநாட்டுதான். அந்தத் தம்பி அவரைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? கோவணம், தலையில் உருமால், சிரிக்கும் பொக்கை வாய். 'வெள்ளந்தி மனிதர்' என்று படம் பிடித்துப் போட்டு ஆயிரம் லைக் வாங்கியிருப்பார்.

நானும் கொஞ்ச நாள் படமாக இருந்தவன்தான். சென்னையில் ஒரு கம்பெனியில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். சேர்ந்த முதல் வாரமே "ஒருக்கா ஏனுங் சொல்லு" என்றார்கள். சொன்னேன். சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆறு வருடமும் பிறந்தநாள், வழியனுப்பு விழா எதுவானாலும் கேக் வெட்டினதும் நான் ஏனுங் சொல்ல வேண்டும். "உங்க ஊர்க்காரங்க எவ்ளோ மரியாதை!" என்பார்கள். ஐந்தாவது வருடம், எனக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேருக்குச் சம்பளம் கூடி எனக்குக் கூடவில்லை. ஏன் என்று மேலாளரிடம் கேட்டேன். மரியாதையாகத்தான் கேட்டேன், ஏனுங் போட்டே கேட்டேன். அவர் முகம் மாறியது. "உன்கிட்ட இதை எதிர்பார்க்கலப்பா, நீ அப்படிப்பட்ட ஆளு இல்லைன்னு நினைச்சேன்" என்றார். அந்த அம்மாவின் வீடியோவில் கடைசியில் வருகிற பெருமூச்சு இருக்கிறதே, அது எனக்குப் புதிதில்லை. நேரிலேயே கேட்டிருக்கிறேன்.

போன பதிவில் ஒருவர் வந்து, "ஓசி கரண்ட் வாங்கறவங்களுக்கு என்ன இவ்ளோ வாய்?" என்று கேட்டிருந்தார். அவரை நான் நீக்கவில்லை, அந்தக் கமெண்ட் இன்னும் அங்கேயே இருக்கிறது. அந்த ஓசி எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியுமா? 1970இல் மின்கட்டணத்தை ஏற்றியதை எதிர்த்துப் போராடினார்கள். பெருமாநல்லூரில் துப்பாக்கிச்சூட்டில் மூன்று விவசாயிகள் செத்தார்கள். 1972இல் விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோயமுத்தூர் நகரத்தையே நிறுத்தினார்கள். வண்டி பூட்டி வந்தவர்கள் எல்லாம் உங்கள் கணக்கில் வெள்ளந்திகள்தான். இலவச மின்சாரம் எல்லா விவசாயிகளுக்கும் என்று ஆனது 1990இல். நாயுடு 1984லேயே போய்விட்டார், பார்க்கவில்லை. இருபது வருடம் கணக்குக் கேட்டு வாங்கியது அது. அதுவும் மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று பார்த்து, ராத்திரி ஒரு மணிக்கு டார்ச் அடித்துக்கொண்டு, பாம்புக்குப் பயந்து இட்டேரியில், இரண்டு பக்கமும் வேலி இருக்கிற தடத்தில், நடந்து போய் மோட்டார் போடுகிற ஓசி. வேண்டுமென்றால் ஒரு வாரம் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓசி என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. நொய்யல் ஆறு எங்களுக்கு ஓசியில் கொண்டுவந்து சேர்த்ததைப் பற்றி யாராவது வீடியோ போட்டால் பார்ப்பேன். ஒரத்துப்பாளையம் அணை எங்களுக்குப் பக்கம்தான். 1992இல் கட்டி முடித்தார்கள். பாசனத்துக்குத் தண்ணீர் என்று கட்டிய அணையில் திருப்பூர்ச் சாயத்தண்ணீர் வந்து தேங்கியது. அந்தத் தண்ணீர் பட்ட காட்டில் வெள்ளாமை எடுக்க முடியவில்லை, கிணறெல்லாம் உப்பு. சின்ன வயதில் அணைக்கரையில் நின்று பார்த்திருக்கிறேன், தண்ணீர் ஒவ்வொரு நாள் ஒவ்வொரு நிறம். எங்களுக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. விவசாயிகள் நீதிமன்றத்துக்கு நடையாய் நடந்து, கடைசியில் 2011இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்போதும் என்ன பேச்சு வந்தது தெரியுமா? "ஊர்க்காரனுக்குத் தொழிலைப் பத்தி என்ன தெரியும்?"

இங்கே ஒருவர் கையைத் தூக்குவார் என்று தெரியும். "உங்க ஊர் ஆளுகதானே பனியன் கம்பெனி வெச்சிருக்கறாங்க?" ஆமாம். என் சித்தப்பா மகன் திருப்பூரில் கட்டிங் யூனிட் வைத்திருக்கிறான். நான் போட்டிருக்கிற பனியன் அவன் கொடுத்தது. அதனால் என்ன? ஊரிலிருந்து போனவன் செய்தால் தண்ணீர் இனிக்குமா?

"நிலத்தை நீங்கதானே சைட் போட்டு வித்தீங்க?" என்பார் அடுத்தவர். பெரியப்பா இரண்டு ஏக்கர் விற்றார். ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்டும் புகைதான் வந்தது, மூன்று போர், மூன்று கடன். விற்றார். அங்கே வீடு கட்டி வந்தவர்கள் இப்போது எங்கள் கட்டுத்தறிச் சாணி நாற்றம் தாங்கவில்லை என்று பஞ்சாயத்தில் மனுக் கொடுத்திருக்கிறார்கள். விளம்பரத்தில் 'இயற்கையோடு வாழுங்கள்' என்றுதான் போட்டிருந்தது. மாடு இயற்கையில் சேராது போல.

அப்புறம் எல்லோரும் கேட்கப்போகிற கேள்வி, சாதி. "ஊர் அவ்வளவு நல்ல ஊரா?" நான் நல்ல ஊர் என்று சொல்லவே இல்லையே. நல்லவன், அப்பாவி என்று சொல்லாதீர்கள் என்றுதானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊர் டீக்கடையில் தனி டம்ளர் இருந்தது, நானே பார்த்திருக்கிறேன். இன்றைக்கும் எங்கள் தோப்பில் மரம் ஏறுகிற அண்ணன் திண்ணைக்கு மேல் வருவதில்லை. நான் கூப்பிட்டும் அவர்தான் வருவதில்லை என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். இதுவரைக்கும் அப்படித்தான் தப்பித்துக்கொண்டிருக்கிறேன். இதை இந்தப் பதிவில் இரண்டு வரியில் முடிப்பது சரியில்லை என்று தெரிகிறது, ஆனால் இன்று எழுத உட்கார்ந்தது வேறு. நகரத்தில் வீடு வாடகைக்குக் கேட்டுப் போனபோது வீட்டுக்காரர் என்னிடம் முதலில் கேட்டது என்ன என்பதையும் சேர்த்தே இன்னொரு நாள் எழுதுகிறேன்.

கோபம் எங்கேயோ போகிறது. எங்கே போகிறது என்று எனக்கே தெரியும், சொல்லிவிடுகிறேன்.

எனக்கு 37 வயது. 2017இல் அப்பாவுக்கு முடியாமல் போனதும் வேலையை விட்டுவிட்டு வந்தேன். அன்றிலிருந்து பெண் பார்க்கிறார்கள். கொங்கு நாட்டில் தோட்டத்தில் இருக்கிற பையனுக்குப் பெண் கிடைப்பது எவ்வளவு லேசு என்று உங்களுக்கெல்லாம் தெரியும், நான் புதிதாக அழப்போவதில்லை. தரகர் முதலில் கேட்பது "காடு எத்தனை ஏக்கரா?" இரண்டாவது, "பையன் எங்க இருக்கறாப்ல?" தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில், என்றால் அந்தப் பக்கம் போன் வைத்த சத்தம் கேட்கும். காடு வேண்டும், காட்டில் மாப்பிள்ளை இருக்கக் கூடாது. இதைக் கேட்பவர்கள் நகரத்துக்காரர்கள் இல்லை. பக்கத்து ஊர்க்காரர்கள். எருமுட்டை தட்டி வளர்ந்தவர்கள். "கோயமுத்தூர்ல ஒரு வீடு மட்டும் இருந்தாப் போதுங்" என்றார் ஒரு மாமா, அவர் வீட்டு வாசலில் நின்ற காங்கேயம் மாட்டுக்குத் தவிடு வைத்துக்கொண்டே.

ஒரே ஒரு அம்மணி மட்டும் தனியாக ஐந்து நிமிடம் பேசினாள். படித்த பெண், ஈரோட்டில் வேலை. நான் என் பாட்டுக்கு மண், மரம், காற்று என்று பேசிக்கொண்டிருந்தேன். இப்போது யோசித்தால் புல்லாங்குழல் மட்டும்தான் குறை. எல்லாம் கேட்டுவிட்டு, "எங்கம்மா காலைல நாலு மணிக்குப் பால் பீச்ச எந்திரிக்கறதப் பார்த்து வளந்தவ நானு. ஒரம்பரை ஊட்டு விசேசத்துல ஒரு நாள் தங்கிப் பார்த்ததில்ல அவங்க. உங்கூட்டுல யாருங்க எந்திரிப்பாங்க?" என்றாள்.

எங்கள் வீட்டில் அம்மாதான் எழுந்திருக்கிறார். 64 வயது. நான் அதை அன்றைக்கு அவளிடம் சொல்லவில்லை. ஆள் வைத்திருக்கிறோம் என்று சொன்னேன்.

இதைப் படித்துவிட்டு, "அப்போ நீயும் அந்தத் தம்பி மாதிரிதானே?" என்று கேட்பீர்கள். கேளுங்கள். ஆனால் நான் யார் முகத்துக்கும் நேராகக் கேமராவை நீட்டவில்லை. அது ஒரு வித்தியாசம் இல்லையா? எனக்கு வித்தியாசமாகத்தான் படுகிறது.

நேற்றுப் பொழுதோடு அம்மாவிடம் அந்த வீடியோவைக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மூன்று தரம் பார்த்தார். அவரும் என்னைப் போலக் கொதிப்பார் என்று நினைத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். புல்லாங்குழல் வருகிற இடத்தில் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பால் கேனை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அறுவது சொல்லி நாப்பத்தஞ்சுக்கு வந்திருப்பா கண்ணு. இந்தப் பையனுக்குக் கேக்கத் தெரீல பாரு, பாவம்."