டிரக்கில் சொருகும் அந்தச் சின்ன பிளக்

போன வாரம் எங்கள் ஆஸ்டின் வாட்ஸப் குரூப்பில் ஒரு தம்பி படம் ஒன்று போட்டிருந்தார். உள்ளங்கையில் அடங்கும் கறுப்பு பிளக். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில் இருக்கும் ஓபிடி போர்ட்டில், அதாவது மெக்கானிக் கருவி மாட்டிக் கோளாறு பார்க்கும் துளையில், சொருகினால் போதுமாம். தேவையில்லாத நேரத்தில் பாதி சிலிண்டரை நிறுத்திவைத்து, டிரக்கின் மைலேஜை முப்பது சதவீதம் ஏற்றிவிடுமாம். "அண்ணா, நீங்களும் டிரக் வச்சிருக்கீங்க, வாங்கலாமா?" என்று கேட்டிருந்தார். அங்கேயே பதில் எழுத ஆரம்பித்தேன், அது வளர்ந்துகொண்டே போனது. அதனால் இங்கே.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நானும் வாங்கி ஏமாந்தவன்தான்.

என்னிடம் இருப்பது 2015 செவர்லே சில்வராடோ டிரக், 5.3 லிட்டர் வி8, நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. பழையதாகத்தான் வாங்கினேன். ஊருக்குள் காலனுக்கு 16 மைல், ஹைவேயில் 22, சேர்த்துப் பார்த்தால் 18 என்பது அரசாங்கக் கணக்கு. 26 காலன் டேங்க். அதை முதல்முறை நிரப்பிவிட்டு ரசீதைப் பார்த்த அன்றே இணையத்தில் தேட ஆரம்பித்தேன். இருபது டாலரில் ஒரு பிளக் கிடைத்தது. சொருகியதும் பச்சை விளக்கு மினுக்கியது. முதல் நூற்றைம்பது மைலுக்கு அது என் ஓட்டும் பழக்கத்தைக் "கற்றுக்கொள்ளும்" என்று காகிதத்தில் எழுதியிருந்தது. இரண்டு மாதம் கற்றுக்கொண்டது. மைலேஜ் அப்படியே இருந்தது.

ஒரு சனிக்கிழமை ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பித் திறந்தேன். உள்ளே மூன்று எல்ஈடி, ஒரு பட்டன், நம்பர் சுரண்டப்பட்ட ஒரு சிப். அவ்வளவுதான். ஓபிடி போர்ட்டில் பதினாறு முள் உண்டு. வண்டியின் கம்ப்யூட்டரோடு பேசும் வழி ஆறாம் முள்ளும் பதினான்காம் முள்ளும். பேட்டரி கரண்ட் வரும் பதினாறாம் முள்ளிலிருந்து விளக்குக்கு ஒழுங்காக இணைப்பு போயிருந்தது. ஆறுக்கும் பதினான்குக்கும் எதுவுமே இல்லை. காதும் வாயும் இல்லாத ஒன்று என் வண்டியிடம் என்னத்தைக் கற்றுக்கொண்டிருக்கும்? இருபது டாலருக்கு ஒரு சீரியல் லைட்.

இந்த மாதிரி மைலேஜ் கூட்டும் சாமான்கள் நூற்றுக்கும் மேல் ஆராய்ந்த அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறை, குறிப்பிடும்படியாக மைலேஜ் ஏற்றும் பொருள் ஒன்றையும் காணவில்லை. இதை முதலிலேயே படித்திருந்தால் அந்தக் காசு மிச்சம்.

ஆனால் இதோடு முடித்துவிட்டால் பதில் அரைகுறை. சிலிண்டரை நிறுத்துவது என்கிற விஷயம் நிஜம். என் டிரக்கிலேயே அது இருக்கிறது. கம்பெனியே வைத்துக் கொடுத்தது.

பெட்ரோல் என்ஜினில் நாம் ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டால் காற்று போகும் வழி முக்கால்வாசி அடைத்திருக்கும். எட்டு பிஸ்டனும் அந்தச் சின்ன இடுக்கு வழியாகக் காற்றை உறிஞ்ச வேண்டும். இளநீரில் ஸ்ட்ராவை நசுக்கிப் பிடித்துக்கொண்டு உறிஞ்சிப் பாருங்கள், கன்னம் வலிக்கும். அந்த வலிக்கும் எரிபொருள் செலவாகிறது. நான்கு சிலிண்டரை மட்டும் வேலை செய்யவிட்டால், அதே சக்தியைத் தர அந்த நான்கும் அதிகக் காற்றை இழுக்க வேண்டும். அடைப்பு நன்றாகத் திறக்கும், ஸ்ட்ரா நிமிரும். மிச்சம் அங்கேதான்.

இதற்கு எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரை நிறுத்தினால் மட்டும் போதாது. வால்வும் மூடியே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் எரியாத காற்று அந்த சிலிண்டர் வழியாகப் புகுந்து சைலன்சருக்குப் போகும், ஆக்ஸிஜன் சென்சார் குழம்பிப்போகும். என் என்ஜினில் 1, 4, 6, 7 ஆகிய நான்கு சிலிண்டர்களுக்கும் தனி வகை லிஃப்டர். கேம் என்கிற சுற்றும் தண்டின் தள்ளலை வால்வுக்குக் கொண்டுபோகும் துண்டு அது. ஆயில் அழுத்தம் கொடுத்ததும் உள்ளே ஒரு பின் நகரும், லிஃப்டர் தனக்குள்ளேயே மடங்கிக்கொள்ளும். கேம் சுற்றிக்கொண்டே இருக்கும், வால்வு அசையாது. உள்ளே மாட்டிக்கொண்ட வாயு ஸ்பிரிங் மாதிரி அமுங்கி விரியும்.

சரி, இந்த லிஃப்டர் இல்லாத என்ஜினில் வெளியிலிருந்து ஒரு பிளக்கைச் சொருகி சிலிண்டரை நிறுத்த முடியுமா? தாழ்ப்பாளே இல்லாத கதவுக்குச் சாவி வாங்குகிற கதை. அந்தத் தம்பியின் டிரக்கில் இந்த ஏற்பாடு கிடையாது. அவருக்கான பதில் அங்கேயே முடிந்துவிட்டது. மீதி எல்லாம் என் ஆற்றாமை.

ஏனென்றால் ஓபிடி போர்ட்டில் சொருகி, உண்மையாகவே சிலிண்டர் விஷயத்தில் வேலை செய்யும் பிளக்குகளும் இருக்கின்றன. அந்த ஏற்பாடு உள்ள வண்டிகளில் நான்கு சிலிண்டர் ஓட்டத்தை இன்னும் கொஞ்ச நேரம் நீட்டி மிச்சம் பிடிக்கலாம் என்று ஒரு காலத்தில் சில கருவிகள் வந்தன. ஆனால் என்னைச் சுற்றி டிரக் வைத்திருப்பவர்கள் பேசுவதும் வாங்குவதும் அதற்கு நேர் எதிரானதை. சிலிண்டரை நிறுத்தவே விடாமல் எப்போதும் எட்டிலும் ஓடவைக்கும் பிளக். இருநூறு டாலருக்குப் பக்கத்தில் விலை. மைலேஜ் குறையும் என்று தெரிந்தே காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

பைத்தியக்காரத்தனம் மாதிரி தெரியும். ஆனால் இந்தக் கதை பழசு. 1981இல் காடிலாக் கம்பெனி வி8-6-4 என்று ஒரு என்ஜின் கொண்டுவந்தது. எட்டு, ஆறு, நான்கு என்று தானே மாறிக்கொள்ளும். அன்றைய கம்ப்யூட்டருக்கு அந்த வேகம் போதவில்லை. வண்டி குலுங்கியது, திணறியது, நிறைய பேர் அதன் வயரைக் கழற்றிவிட்டு எட்டிலேயே ஓட்டினார்கள். அடுத்த வருஷமே பெரும்பாலான மாடல்களிலிருந்து அதைத் தூக்கிவிட்டார்கள். அன்று வயரைக் கழற்றினார்கள், இன்று பிளக்கைச் சொருகுகிறார்கள்.

காடிலாக்கும் சில்வராடோவும் செய்யும் ஜிஎம் (ஜெனரல் மோட்டார்ஸ்) 2005 மாடலில் இதைத் திரும்பக் கொண்டுவந்தது. 2019 சில்வராடோவில் இன்னும் ஒருபடி மேலே போய், பதினேழு விதமாக சிலிண்டர்களை மாற்றி மாற்றி நிறுத்தும் முறை வந்தது. என்ஜினியரிங் என்று பார்த்தால் கையெடுத்துக் கும்பிட வேண்டிய வேலை. கிண்டல் இல்லை, நிஜமாகவே சொல்கிறேன்.

வயிற்றில் புளி கரைப்பது அந்த லிஃப்டர்தான். உள்ளே இருக்கும் அந்தச் சின்ன பின் சிக்கிக்கொண்டு, மடங்கிய லிஃப்டர் நிமிராமல் போனால் டிக் டிக் என்று சத்தம், அப்புறம் அந்த சிலிண்டர் சரியாக எரியாமல் மிஸ்ஃபயர். விட்டால் கேம்ஷாஃப்டையும் அரித்துவிடும். என்ஜினின் மேல்பாகமான ஹெட்டைக் கழற்றித்தான் லிஃப்டரைத் தொட முடியும். வாரண்டி முடிந்த வண்டிக்கு அது சில ஆயிரம் டாலர் பில். எல்லா வண்டிக்கும் வருவதில்லை, இரண்டு லட்சம் மைல் ஓடியும் ஒன்றும் ஆகாத வண்டிகள் ஏராளம். என் வண்டிக்கும் இதுவரை வரவில்லை. ஆனால் காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவேன்.

சரி, பயத்தைத் தள்ளிவைத்துவிட்டுக் கணக்குப் பார்ப்போம் என்று அந்த எட்டு சிலிண்டர் பிளக்கை வாங்கினேன். பிளக் இல்லாமல் மூன்று டேங்க், பிளக்கோடு மூன்று டேங்க். அதே ஆபீஸ் ரோடு, அதே பங்க், அதே பம்ப், கொக்கி முதல் தடவை விடுபட்டதும் நிறுத்திவிடுவேன். பில்லின் பின்பக்கம் மைல் எழுதிவைத்தேன். வீட்டில் "பால் கணக்கு எழுதுற மாதிரி எழுதுறீங்க" என்று சிரித்தார்கள்.

பிளக் இல்லாமல், அதாவது நான்குக்குப் போய்வர அனுமதித்தபோது, காலனுக்கு 18.6 மைல். பிளக்கோடு எப்போதும் எட்டில் ஓடியபோது 17.9. வித்தியாசம் 0.7. வருஷத்துக்கு 12,000 மைல் ஓட்டுகிறேன் என்றால் 25 காலன். காலன் மூன்று டாலர் என்று வைத்தால் எழுபத்தைந்து டாலர்.

என் ஒரு வண்டிக் கணக்கை நம்ப வேண்டாம். 2021இல் சிப் தட்டுப்பாடு வந்தபோது ஜிஎம் தன் 5.3 லிட்டர் டிரக்குகள் சிலவற்றை இந்த சிலிண்டர் நிறுத்தும் மாட்யூல் இல்லாமலேயே விற்றது. அதனால் மைலேஜ் எவ்வளவு குறையும் என்று அவர்களே சொன்னார்கள்: காலனுக்கு ஒரு மைல். வேடிக்கை என்னவென்றால், "அந்த மாட்யூல் இல்லாத வண்டிதான் வேண்டும்" என்று தேடி அலைந்த ஆட்களை எனக்கே தெரியும்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. அந்த ஒரு மைல் யாருக்காக? லட்சக்கணக்கில் டிரக் விற்கும் கம்பெனிக்கு, அரசாங்கத்திடம் காட்ட வேண்டிய சராசரி மைலேஜில் ஒரு மைல் என்பது மலை. எனக்கு அது மாதத்துக்கு ஆறேகால் டாலர். இரண்டு தோசை வாங்க முடியாது. ஆனால் வாரண்டி ஐந்து வருஷம் அல்லது லட்சம் மைல் என்றால், அதற்கு அப்புறம் அந்த லிஃப்டரின் விதி என் தலையில். லாபம் ஓரிடம், ரிஸ்க் வேறிடம். புகை குறைய வேண்டும், எண்ணெய் மிச்சமாக வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அப்படியானால் அந்தப் பாகத்துக்காவது நீண்ட வாரண்டி கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

ஹோண்டா ஒடிசி வேன் வைத்திருக்கும் நம் ஆட்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் வி6இலும் இதே வித்தை உண்டு, ஆறில் மூன்றை நிறுத்தும். ஆயில் குடித்து ஸ்பார்க் பிளக் கறுத்துப்போகிறது என்று வழக்குப் போய், 2008 முதல் 2013 வரையிலான சில மாடல்களுக்கு ஹோண்டா வாரண்டியை நீட்ட வேண்டிவந்தது. அங்கேயும் நம் ஜனங்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கூலண்ட் சென்சார் வயரில் ஒரு ரெசிஸ்டர். என்ஜின் இன்னும் சூடாகவில்லை என்று கம்ப்யூட்டர் நம்பிக்கொண்டே இருக்கும், சிலிண்டரை நிறுத்தாது. பள்ளிக்கூடம் போகாமல் இருக்க வெந்நீர் குடித்துவிட்டுக் காய்ச்சல் காட்டுவோமே, அதைத் திருப்பிப் போட்ட வித்தை.

பெரிய டீசல் லாரிக் கதை வேறு. டீசலில் அந்த நசுக்கிய ஸ்ட்ரா கிடையாது, அதனால் உறிஞ்சுவதில் பெரிய மிச்சம் இல்லை. அங்கே சிலிண்டரை நிறுத்துவது முக்கியமாக சைலன்சர் சூட்டுக்காக. வண்டி மெதுவாக ஓடும்போது புகை ஆறிப்போனால் நைட்ரஜன் ஆக்ஸைடைக் குறைக்கும் கருவி தூங்கிவிடும். பாதி சிலிண்டரை நிறுத்தினால் மீதிப் பாதி சூடாக ஊதும். கலிபோர்னியாவின் கடுமையான புகை விதிகளுக்காக இந்தச் சோதனைகள் நடந்தது எங்களுக்குப் பக்கத்து ஊரான சான் அன்டோனியோவில், சவுத்வெஸ்ட் ரிசர்ச் இன்ஸ்டிட்யூட்டில்.

லாரி என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தொப்பூர் கணவாயில் டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கும் பழக்கம். எத்தனை விபத்து! கம்ப்யூட்டர் வைத்த இன்றைய என்ஜினில் கியரிலேயே விட்டு ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எல்லா சிலிண்டருக்கும் எரிபொருள் நின்றுவிடும். நியூட்ரல் போட்டால்தான் என்ஜின் அணையாமல் இருக்க எரிபொருள் குடிக்கும். பிளக் எதுவும் வேண்டாம், காசும் வேண்டாம். உயிரும் மிச்சம்.

போன மாதம் ஹூஸ்டன் பக்கம் இருக்கும் பியர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குப் போனோம். போகும்போது அபிஷேகத்துக்கு நேரமாகிவிட்டது என்று மணிக்கு 80 மைலில் பிடித்தேன், காலனுக்கு 17.4. திரும்பும்போது குழந்தைகள் தூங்கிவிட்டார்கள், ஆஸ்டினுக்குக் கொஞ்சம் முன்னால் வரும் பாஸ்ட்ராப் வரை 68லேயே வந்தேன், 20.6. எண்பதில் காற்று தடுப்பது அறுபத்தெட்டில் தடுப்பதைவிடக் கிட்டத்தட்ட 38 சதவீதம் அதிகம். ஒரு வழிப் பயணத்தில் இருபது நிமிஷம் கூடப் போனது, அவ்வளவுதான். நான்கு சிலிண்டர் வித்தை ஒரு டேங்க் முழுக்கச் செய்வதைப் போல நாலு மடங்குக்கு மேல் என் வலது கால் ஒரே நாளில் செய்துவிட்டது. அன்று டாஷ்போர்டில் வி8 என்றே எழுதியிருந்தது. பிளக் சொருகியிருந்தது.

ஆமாம், எட்டு சிலிண்டர் பிளக்கை நான் கழற்றவில்லை. அது லிஃப்டரைக் காப்பாற்றும் என்று யாரும் எனக்கு உத்தரவாதம் தரவில்லை. மடங்கும் லிஃப்டர் உள்ளேதான் இருக்கிறது, மடங்கச் சொல்லாமல் வைத்திருக்கிறேன், அவ்வளவே. அதோடு ஆயிலை ஐயாயிரம் மைலுக்கு ஒருமுறை மாற்றிவிடுகிறேன். நான்கில் ஓடும்போது வரும் அந்த "ம்ம்ம்" என்கிற முனகலும், கப் ஹோல்டரில் காபி நடுங்குவதும் நின்றது. எழுபத்தைந்து டாலரில் பாதியை அதற்கே கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. வருஷாந்திரப் புகைச் சோதனைக்குப் போகும்போது மட்டும் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன், அந்தப் போர்ட் அவர்களுக்கு வேண்டும். ஒருமுறை மறந்துவிட்டேன். அந்தப் பையன் உருவி எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மைலேஜுக்கா?" என்று கேட்டான். இல்லை, மைலேஜைக் குறைக்க என்றேன். ஒன்றும் பேசாமல் கையில் கொடுத்துவிட்டான்.

குரூப்பில் கேட்ட தம்பிக்கு: அந்த முப்பது சதவீத பிளக் வேண்டாம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கவாட்டில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும், டயருக்கு எவ்வளவு காற்று என்று. உங்கள் நான்கு டயரிலும் இப்போது எவ்வளவு இருக்கிறது என்று நேற்றே கேட்டிருந்தேன். நீல டிக் வந்துவிட்டது, பதிலைத்தான் காணோம்.