ஈர்ப்பு குறைந்த ஊரில் பிறந்தவர்கள்

2015-இல் வந்த ‘தி எக்ஸ்பான்ஸ்’ என்ற அறிவியல் புனைவுத் தொடரின் முதல் எபிசோடிலேயே ஒரு விசாரணைக் காட்சி வருகிறது. பூமியின் அதிகாரிகளிடம் பிடிபட்ட ஓர் இளைஞன். ஈர்ப்பு மிகக் குறைந்த சிறுகோள் பட்டையில் பிறந்து வளர்ந்தவன், நெடுநெடுவென்று ஒல்லியாக இருக்கிறான். அவனை அடிக்கவில்லை, ஷாக் வைக்கவில்லை. தொங்கவிட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். மீதி வேலையைப் பூமியே பார்த்துக்கொள்கிறது. நாம் உணராமலே சுமந்து திரியும் ஈர்ப்பு, அவனுக்கு ஒவ்வொரு மூச்சையும் வேதனையாக்குகிறது.

குறைந்த ஈர்ப்பில் வாழும் மனிதர்களைப் பற்றிப் பேசினால் பெரும்பாலும் “அவங்க உயரமா இருப்பாங்க, இல்ல?” என்றுதான் கேட்கிறார்கள். உயரம் சின்ன விஷயம். இந்தக் கதைகள் என்னை உலுக்குவது வேறு இடத்தில். அந்த மனிதர்களின் உடம்பே அவர்களுடைய எல்லைக்கோடாகிவிடுகிறது. எங்கே போகலாம், எங்கே போகக்கூடாது என்பதை எலும்பு முடிவு செய்கிறது. அந்த எலும்பு எப்படி இருக்க வேண்டும் என்பதைக் காசு வைத்திருப்பவன் முடிவு செய்கிறான்.

இது வெறும் கற்பனை இல்லை. விண்வெளி நிலையத்தில் இருப்பவர்களுக்கு இடுப்பு போன்ற, எடை தாங்கும் எலும்புகளில் மாதத்துக்கு 1 முதல் 1.5 சதவீதம் வரை அடர்த்தி குறைகிறது. பூமியில் முதியவர்கள் ஓர் ஆண்டில் இழப்பதே ஏறக்குறைய அவ்வளவுதான். அதைத் தடுக்கத்தான் தினமும் இரண்டு மணி நேரம் போல உடற்பயிற்சி. முதுகெலும்பு தளர்ந்து ஆள் கொஞ்சம் உயர்கிறார், இறங்கியதும் பழைய உயரத்துக்கு வந்துவிடுகிறார். கால் ரத்தம் மேலே ஏறி முகம் உப்பிவிடுகிறது. எனக்கு மிகவும் பிடித்த தகவல் பாதத்தைப் பற்றியது. நடக்கவே நடக்காததால் உள்ளங்காலின் காய்ப்புத் தோல் உரிந்து குழந்தைப் பாதம் போல மென்மையாகிவிடுகிறது. ஒரே இடத்தில் நிற்பதற்காகக் கம்பிகளுக்கு அடியில் பாதத்தை நுழைத்து நுழைத்து, புறங்காலில் காய்ப்பு ஏறுகிறது. இந்த ஒன்றை வைத்தே ஒரு கதை எழுதலாம்.

எடையின்மையைத் தரையில் ஆராய வேண்டுமென்றால் படுக்கத்தான் வைக்கிறார்கள். ஜெர்மனியின் கொலோன் நகரில், தலைப்பக்கம் 6 டிகிரி தாழ்ந்த கட்டிலில் 60 நாள் எழுந்திருக்காமல் கிடக்கத் தன்னார்வலர்கள் வருகிறார்கள். என் பெரியம்மா இடுப்பு எலும்பு முறிந்து மாதக் கணக்கில் படுத்திருந்தபோது அவர் கெண்டைக்கால் சதை கரைந்து தொளதொளவென்று ஆனதைக் கண்ணால் பார்த்தேன். பிசியோதெரபிஸ்ட் பிடித்து நிற்க வைத்த முதல் நாள், “தரை கீழ இழுக்குதுடா” என்றார். அப்புறம் அந்த விசாரணைக் காட்சியை மறுபடி பார்த்தபோது என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை.

ராபர்ட் ஹைன்லைனின் ‘தி மூன் இஸ் எ ஹார்ஷ் மிஸ்ட்ரஸ்’ 1966-இல் வந்த நாவல். அதில் நிலவு ஒரு தண்டனைக் காலனி. ஆனால் சுற்றுச்சுவரும் முள்வேலியும் தேவைப்படவில்லை. ஆறில் ஒரு பங்கு ஈர்ப்பில் சில மாதங்கள் இருந்தாலே உடம்பு மாறிவிடுகிறது, தண்டனை முடிந்தவனும் ஊர் திரும்ப முடியாது. அவன் பிள்ளைகள் ஒரு குற்றமும் செய்யாமலே அங்கேயே அடைபட்டுக் கிடக்கிறார்கள். நிலவின் விடுதலைக்காகப் பேசப் பூமிக்கு வரும் தூதர்கள் சக்கர நாற்காலியில் வருகிறார்கள். அந்த நாவலின் அரசியல் வாதங்களில் பலவற்றை நான் ஏற்கவில்லை. ஆனால் ஒரு ஜனத்தின் பிரதிநிதி எதிரியின் ஊரில் எழுந்து நின்றுகூடப் பேச முடியாது என்ற அந்த நிலை, எத்தனையோ அரசியல் கட்டுரைகள் சொல்லாததைச் சொல்லிவிடுகிறது.

‘எக்ஸ்பான்ஸ்’ இதை வர்க்கக் கணக்காக இன்னும் கூர்மையாக்குகிறது. சிறுகோள் பட்டையில் உள்ள செரஸில் போலீஸ் வேலை பார்க்கும் மில்லர், பெற்றோர் இல்லாமல் நிலையத்தின் பராமரிப்பில் வளர்ந்தவன். எலும்பு வளர அவனுக்கு மலிவு மருந்தைக் கொடுத்ததால் முதுகெலும்பின் மேல்பக்கம் சரியாகச் சேராமல் போயிருக்கிறது. நல்ல மருந்து இருந்தது, அவனுக்குக் கொடுக்கப்படவில்லை. சத்துக் குறைவால் குன்றிப்போன எந்த ஊர்க் குழந்தையின் கதையும் இதுதானே? நான்காவது சீசனில், அதே பட்டையில் பிறந்த நவோமி ஒரு புதிய கிரகத்தில் கால் வைப்பதற்காக ஊசியும் வலியுமாகப் போராடுகிறாள், உடம்பு ஒத்துழைக்காமல் மேலே கப்பலுக்கே திரும்பிவிடுகிறாள். வானத்தின் கீழே நிற்க ஆசைப்பட்ட ஒருத்திக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு!

லோயிஸ் மெக்மாஸ்டர் புஜோல்டின் ‘ஃபாலிங் ஃப்ரீ’ 1988-இல் இன்னும் ஒரு படி மேலே போனது. எடையற்ற இடத்தில் கால் எதற்கு என்று, காலுக்குப் பதிலாக இன்னும் இரண்டு கைகளோடு மனிதர்களை ஒரு நிறுவனம் மரபணு மாற்றி உருவாக்குகிறது. நிறுவனத்தின் பதிவேட்டில் அவர்கள் மனிதர்களே இல்லை, ஆய்வுக்கூடத் திசுக்கள். பிறகு செயற்கை ஈர்ப்பு கண்டுபிடிக்கப்படுகிறது. நான்கு கைத் தொழிலாளிகள் ஒரே நாளில் வேண்டாத சரக்காகிறார்கள். இயந்திரம் வந்ததும் கைத்தொழிலாளிக்கு நடப்பதுதான். ஆனால் இவர்கள் வேறு வேலை தேடிக் கீழே இறங்கவும் முடியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். ஹைன்லைனே 1942-இல் ‘வால்டோ’வில், தசை பலவீனத்தால் தரையில் கிடந்து தவித்த ஒருவனைச் சுற்றுப்பாதையில் வீடு கட்டிக் குடியேற்றினார். அங்கே அவன் யாருக்கும் பாரமில்லை. ஒரு காலை இழந்தவரும் பாராலிம்பிக் வீரருமான ஜான் மெக்ஃபாலை ஐரோப்பிய விண்வெளி முகமை 2022-இல் தேர்ந்தெடுத்தது. 2025-இல் நீண்ட பயணத்துக்கே மருத்துவத் தகுதி கொடுத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தபோது அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. யார் ஊனமுற்றவர் என்பதை உடம்பு மட்டும் தீர்மானிப்பதில்லை, அது நிற்கும் இடமும் சேர்ந்து தீர்மானிக்கிறது. சிறுகோள் பட்டையில் பிறந்தவன் கைப்பிடியைத் தட்டிவிட்டு மிதந்து போகும் இடத்தில் பூமிக்காரன் சுவரில் முட்டி வாந்தி எடுப்பான்.

அதனால்தான் செவ்வாயில் நகரம் கட்டப்போவதாக வரும் பேச்சுகளை என்னால் சும்மா கேட்டுவிட்டுப் போக முடிவதில்லை. செவ்வாயின் ஈர்ப்பு நம்முடையதில் 38 சதவீதம். அது குழந்தையின் எலும்புக்குப் போதுமா என்று யாருக்கும் தெரியாது. பூஜ்ய ஈர்ப்பில் 437 நாள் தொடர்ந்து இருந்த ரஷ்ய விண்வெளி வீரர் வலேரி பொல்யாகோவ் உண்டு, பூமியின் முழு ஈர்ப்பில் நாம் எல்லோரும் இருக்கிறோம். நடுவில் இருப்பதை மனித உடம்பில் தொடர்ந்து பல மணி நேரம் பார்த்ததெல்லாம் நிலவில் நடந்த 12 பேரிடம்தான். அவர்களிலும் அதிக நேரம் தங்கிய அப்பல்லோ 17 குழு அங்கே இருந்தது மூன்று நாள் சொச்சம்.

1991-இல் கொலம்பியா விண்ணோடத்தில் இழுதுமீன்களின் (ஜெல்லிஃபிஷ்) இளம் பருவ உயிர்களை அனுப்பினார்கள். அவை அங்கேயே பல்கிப் பெருகின. அங்கே வளர்ந்தவற்றில் பல, பூமிக்கு வந்ததும் சரியாக நீந்த முடியாமல் திணறின. மேல் கீழ் உணரும் உறுப்பு இருந்தும் ஈர்ப்பைக் கையாள முடியவில்லை. மூளையே இல்லாத உயிருக்கே இப்படி. நாளை செவ்வாயில் ஒரு பெண் பிறந்து, இருபது வயதில் பாட்டியின் ஊரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டால் என்ன பதில் சொல்வார்கள்? போக விரும்பும் பெரியவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். அவளுக்காகக் கையெழுத்துப் போட அவர்களுக்கு என்ன உரிமை இருக்கிறது? ராக்கெட்டின் விலையைப் பேசும் மேடைகளில் இந்தக் கேள்வியையும் யாராவது கேட்க வேண்டும்.

தமிழில் இந்த மாதிரி, உடம்பிலிருந்து தொடங்கும் விண்வெளிக் கதை ஏதாவது வாசித்திருந்தால் கமெண்டில் பெயரைப் போடுங்கள். உடனே தேடி வாசிக்க ஆசை.