கார்னெட் புத்தகம் வரிவிலக்குச் சீட்டு அன்று

துபாயிலிருந்து மோட்டார் சைக்கிளைக் கப்பலில் அனுப்பும்போது கார்னெட் புத்தகம் என்ற சுங்க ஆவணம் இருந்தால் வரி கட்டாமலேயே இந்தியாவில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வது தவறு. அதை நம்பி ஒருவர் வண்டியை ஏற்றிவிட்டால் இழப்பு பெரிதாக இருக்கும்.

கார்னெட் என்பது, 1954ஆம் ஆண்டின் நியூயார்க் சுங்க உடன்படிக்கையின் வழியில், வண்டியைத் தற்காலிகமாக உள்ளே கொண்டுவந்து மீண்டும் வெளியே கொண்டுசெல்வோம் என்பதற்கு மோட்டார் வாகனச் சங்கம் (ஆட்டோமொபைல் கிளப்) ஒன்று சுங்கத் துறைக்கு அளிக்கும் பிணை மட்டுமே. அதன் ஒவ்வொரு தாளிலும் மூன்று பகுதிகள் உண்டு: ஒன்றை நுழைவிடச் சுங்கமும் மற்றொன்றை வெளியேறும் இடத்துச் சுங்கமும் கிழித்து வைத்துக்கொள்ள, இரு முத்திரைகளும் பதிந்த அடிக்கட்டை நம்மிடம் தங்கும். வெளியேறும் முத்திரை இல்லையென்றால் சுங்கத் துறை வரியைச் சங்கத்திடம் கேட்கும். சங்கம் நாம் கட்டிய பிணைத்தொகையிலிருந்து அதை எடுத்துக்கொள்ளும். புத்தகம் ஓராண்டு செல்லுபடியாகும் என்பதால் வண்டியும் ஓராண்டு தங்கலாம் என்று எண்ண வேண்டாம், தங்கும் காலத்தை அந்தந்த நாடே முடிவு செய்கிறது.

நாடு திரும்புவோர் வீட்டுச் சாமான்களோடு சேர்த்து வண்டியைக் கொண்டுவரலாம் என்பதும் சரியன்று. இந்தியச் சுங்கச் சட்டத்தின் 2(3) பிரிவு, பயணச் சாமான் என்பதில் மோட்டார் வாகனங்கள் அடங்கா என்று வெளிப்படையாகவே கூறுகிறது. நிரந்தரமாக வைத்துக்கொள்வதற்கு முறையான இறக்குமதியே வழி. பயன்படுத்திய வண்டி என்றால் உற்பத்தியாகி மூன்று ஆண்டுகளைத் தாண்டியிருக்கக் கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. ஆகவே கப்பல் கட்டணம் செலுத்துவதற்கு முன்பே, தயவுசெய்து, உரிமம் பெற்ற சுங்கத் தரகர் ஒருவரிடம் வண்டியின் உற்பத்தி ஆண்டைக் காட்டி, கட்ட வேண்டிய மொத்த வரியை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.