போட்டிக்கு வரைந்ததுதான், அதனாலென்ன?

போட்டிக்காக, கொடுத்த தலைப்பில் வரைந்த ஓவியத்தில் உயிர் இருக்குமா என்று இணையத்தில் ஒரு விவாதம். முழுவதையும் திரும்பச் சொல்லவில்லை. இறந்துபோன சிறுமியைக் கிறிஸ்து எழுப்பும் பைபிள் கதையை ரஷ்ய ஓவியர் இல்யா ரேபின் வரைந்த ‘யவீருவின் மகளை உயிர்ப்பித்தல்’ ஓவியத்தைப் ‘பரீட்சைத் தாள், உயிரே இல்லை’ என்று தள்ளிவிட்டுச் சிரிப்புக் குறியும் போட்டிருக்கிறார் நண்பர்.

பரீட்சைத் தாள்தான், யார் மறுத்தது? 1871இல் பீட்டர்ஸ்பர்க் கலைக்கழகம் மாணவர் போட்டிக்குத் தலைப்பைக் கொடுத்தது, ரேபின் வரைந்தார், பெரிய தங்கப் பதக்கம் பெற்றார். அதே தலைப்பில் வரைந்த சக மாணவர் பொலெனோவுக்கும் அதே பதக்கம் கிடைத்தது. ஆனால், தலைப்பு கையில் கிடைத்தபோது ரேபினுக்கும் அதில் மனம் ஒட்டவில்லை என்பதையும், மாதக்கணக்கில் கரியால் தீட்டியதைத் துணியால் துடைத்தழித்தார் என்பதையும், சிறுவயதில் இறந்துபோன தன் அக்கா உஸ்த்யாவையும் அன்று வீடு இருண்டு கிடந்ததையும் நினைத்த பிறகே, தம்பியைப் பெத்தோவனின் நிலவொளி சொனாட்டா என்ற பியானோ இசையை வாசிக்கச் சொல்லிக் கேட்டபடி மீண்டும் தொடங்கினார் என்பதையும் நண்பர் ஏன் சொல்லவில்லை? தலைப்பு கலைக்கழகத்துடையது, துக்கம் அவருடையது.

கொடுத்த தலைப்பை மறுத்து 1863இல் அதே கலைக்கழகத்திலிருந்து பதினான்கு மாணவர்கள் வெளியேறினார்களே என்பீர்கள். அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஓவியர் கிராம்ஸ்கோயிடம் பாடம் கேட்டவர்தான் ரேபின். திணிக்கப்பட்ட தலைப்பின் எரிச்சலை அவருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்த ஓவியத்தை மதப் பிரச்சாரம் என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமையில்லை.

கிட்டத்தட்ட நான்கு மீட்டர் அகலமுள்ள அந்த ஓவியத் திரையில் அற்புதம் இன்னும் நிகழவில்லை. கிறிஸ்து சிறுமியின் கையைப் பிடித்திருக்கிறார், அவ்வளவுதான். தலைமாட்டில் விளக்குகள் எரிகின்றன. பெற்றோர் இருட்டில் நிற்கிறார்கள். என் தங்கையைக் கூடத்தில் கிடத்தியிருந்த இரவில் நாங்களும் தலைமாட்டில் விளக்கேற்றி வைத்திருந்தோம். அப்பா கதவோரமாகவே நின்றார், அருகில் வரவில்லை. படத்தில் அந்தத் தகப்பன் நிற்கும் தூரம் எவ்வளவு என்று எனக்குத் தெரியும். சொந்த அனுபவத்தைப் படத்தின் மேல் ஏற்றுகிறேன் என்று விமர்சகர்கள் சொல்லலாம். ஏற்றுகிறேன்தான். ரேபினும் அதைத்தானே செய்தார்?

தீபாவளி மலர்க்காரர்கள் தலைப்புக் கொடுத்துக் கேட்டால் இரண்டே நாளில் கவிதை எழுதித்தரும் நண்பருக்கு, கேட்டு வாங்கிய படைப்பின் மேல் இவ்வளவு இளக்காரம் எங்கிருந்து வந்ததோ! அதுகூடப் பரவாயில்லை. அவருடைய சிரிப்புக்கு விருப்பக்குறி இட்டவர்களில் ஒருவர், தங்கையின் பதினாறாம் நாள் காரியத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தவர்.