அந்த ரிப்போர்ட்டை முதலில் பொம்பாவிடம் (தீயணைப்புப் படையிடம்) கொடுங்கள்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் பாலாய் ராயாவில் (ஊர்ப் பொது மண்டபத்தில்) ஒரு கூட்டம். சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்து ஓரத்தில், பழைய செம்பனை மரங்களைச் சாய்த்துவிட்டுச் சும்மா கிடக்கிற நிலத்தில் சோலார் வரப்போகிறது, கூடவே பேட்டரி கண்டெய்னர்களும் வரும் என்று சொல்ல ஒரு நிறுவனத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். நல்ல பிள்ளைகள்தான், மரியாதையாகப் பேசினார்கள். கேள்வி நேரத்தில் நான் எழுந்து, "தம்பி, ஒரு கண்டெய்னருக்குள் பேட்டரி சூடாகி வாயு கிளம்பினால் அது எந்தப் பக்கமாக வெளியே போகும்? கீழ்ப்பக்கம் லயத்து வீடுகள் இருக்கே" என்று கேட்டேன். "அங்கிள், இது எல்எஃப்பி பேட்டரி, தீயே பிடிக்காது. யுஎல் 9540ஏ டெஸ்ட் பாஸ் ஆன சாமான்" என்றார். எல்எஃப்பி என்றால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, யுஎல் 9540ஏ என்பது பேட்டரித் தீ எப்படிப் பரவும் என்று பார்க்கிற ஒரு சோதனை. கூட்டம் கைதட்டியது. நான் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்திருக்கக் கூடாது. அந்த ஒரு பதிலில் இரண்டு தவறு இருக்கிறது, இரண்டும் சின்னத் தவறு இல்லை.

நான் 22 வருடமாக செம்பனை ஆலையில் சார்ஜ்மேன், அதாவது மின்சாரத்துக்குப் பொறுப்பான ஆள். லித்தியம் பேட்டரியில் எனக்குப் பட்டம் எதுவும் இல்லை, ஆனால் பேட்டரி ரூமுக்குள் நுழையும்போது எப்படி நுழைய வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்த ஒரு மனிதர் இருந்தார். பெரியண்ணன் என்று கூப்பிடுவோம். சுவிட்ச் ரூமுக்குப் பக்கத்தில் ஈய பேட்டரிகள் வரிசையாக அடுக்கி வைத்த சின்ன அறை, மேலே ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன். ஒருநாள் அந்த ஃபேன் நின்று போயிருந்தது, சார்ஜர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் கதவைத் திறந்து லைட் சுவிட்சுக்குக் கையை நீட்டினேன். மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார் பாருங்கள், இரண்டு நாள் வலித்தது. "ஹைட்ரஜனுக்கு வாசனை கிடையாதுடா. கதவைத் திறந்து வச்சிட்டு வெளியே நில்லு" என்றார். அரை மணி நேரம் வெயிலில் நின்றோம். உள்ளே ஒன்றுமே நடக்கவில்லை. அதுதான் வேலை.

இப்போது அதே பழக்கத்தோடு ஒரு லித்தியம் கண்டெய்னர் முன்னால் போய் நின்றால் என்ன ஆகும்? அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் சர்ப்ரைஸ் என்று ஓர் ஊர். 2019 ஏப்ரல் 19ஆம் தேதி, 2 மெகாவாட் பேட்டரி நிலையம் ஒன்றில் புகை. தீயணைக்கும் வாயு தானாகவே பீய்ச்சியது, அது செய்ய வேண்டிய வேலையைச் செய்தது. ஆனால் உள்ளே நடந்தது சாதாரணத் தீ இல்லை. ஒரு செல் தன் சூட்டில் தானே மேலும் சூடாகி, பக்கத்துச் செல்லையும் இழுத்துக்கொண்டு போகிற கதை, தெர்மல் ரன்அவே என்பார்கள். அது நடக்கும்போது ஹைட்ரஜன், கார்பன் மோனாக்சைடு, எரியக்கூடிய வேறு ஆவிகள் எல்லாம் கிளம்பும். வெளியே போக வழியில்லாத கட்டடத்துக்குள் அத்தனையும் சேர்ந்து நின்றது. சுமார் மூன்று மணி நேரம் பொறுத்து வீரர்கள் கதவைத் திறந்தார்கள். வெடித்தது. நான்கு பேருக்குப் படுகாயம். பயிற்சி பெற்றவர்கள், பொறுமையாகக் காத்திருந்தவர்கள். அந்தப் பெட்டிக்கு என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்த அவசரகாலத் திட்டத்தில், உள்ளே சேர்ந்த வாயுவை எப்படி வெளியேற்றுவது என்ற விவரமே இல்லை. பெரியண்ணன் எனக்குச் சொல்லிக் கொடுத்த "கதவைத் திறந்து வை" என்பதே இங்கே ஆளைக் கொல்லக்கூடியது. அதனால்தான் வாயு எந்தப் பக்கம் போகும் என்று கேட்டேன், வேறு நோக்கம் எனக்கு இல்லை.

சரி, அந்த யுஎல் 9540ஏ விஷயத்துக்கு வருவோம். அதில் பாஸ், ஃபெயில் என்று கிடையாது. அது ஒரு சோதனை முறை. ஒரு செல்லை வேண்டுமென்றே ரன்அவேக்குத் தள்ளி, என்ன வாயு எவ்வளவு வந்தது, பக்கத்துச் செல்லுக்குப் பரவியதா, செல்களைச் சேர்த்துக் கட்டிய மாட்யூலுக்குப் பரவியதா, முழுப் பெட்டிக்கும் பரவியதா என்று படிப்படியாக அளந்து எழுதுகிற ரிப்போர்ட். மொத்த அமைப்புக்கும் சான்றிதழ் தருவது யுஎல் 9540 என்கிற தனித் தரம். ரத்தப் பரிசோதனை எடுத்ததாலேயே ஒருவருக்குச் சர்க்கரை நோய் இல்லை என்று ஆகிவிடாது அல்லவா? ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். "டெஸ்ட் பாஸ்" என்று யாராவது சொன்னால் அவர் ரிப்போர்ட்டைப் படிக்கவில்லை, அல்லது நாம் படிக்கமாட்டோம் என்று நினைக்கிறார்.

எல்எஃப்பி தீப்பிடிக்காது என்பதும் அப்படித்தான். மற்ற வகைகளைவிட அதிகச் சூட்டைத் தாங்கும், எரிந்தாலும் வெப்பம் குறைவு, நல்ல வகைதான், நானே அதைத்தான் வாங்கச் சொல்வேன். ஆனால் அதுவும் ரன்அவேக்குப் போகும், அப்போது வருகிற வாயுவில் ஹைட்ரஜனின் பங்கு அதிகம். தீ தெரியாமல் வாயு மட்டும் சேர்ந்துகொண்டே இருந்தால் அது இன்னும் மோசம். 2021 ஏப்ரலில் பெய்ஜிங்கில் வெடித்த பேட்டரி நிலையம் எல்எஃப்பி. இரண்டு தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்தார்கள்.

இதையெல்லாம் சொன்னால் உடனே "அண்ணன் சோலாருக்கு எதிரி" என்பார்கள். இல்லை. மத்தியானம் கொளுத்துகிற வெயிலை ராத்திரிக்கு எடுத்து வைக்க பேட்டரி நல்ல வழிதான். சரவாக்கில் செஜிங்காட்டில் 60 மெகாவாட் பேட்டரி நிலையம் வந்துவிட்டது. தீபகற்பத்தில் 400 மெகாவாட், 1,600 மெகாவாட் மணி அளவுக்குப் பேட்டரி வைக்க எரிசக்தி ஆணையம் 2025இல் ஏலம் அழைத்தது. வரத்தான் போகிறது, வரட்டும். இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: உலகம் முழுக்க இந்த நிலையங்களின் விபத்துகளைக் கணக்கு வைக்கிற எப்ரி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, நிறுவப்பட்ட அளவோடு ஒப்பிட்டால் விபத்து விகிதம் 2018க்கும் 2023க்கும் இடையில் 97 விழுக்காடு குறைந்திருக்கிறது. அது சும்மா குறையவில்லை. அரிசோனாவிலும் கொரியாவிலும் எரிந்ததைக் கிளறிப் பார்த்து, விதிகளை எழுதி, அந்த விதிகளைக் கேட்டு வாங்கியதால் குறைந்தது. கேட்காத ஊருக்கு அந்த 97 விழுக்காட்டில் பங்கு இருக்கிறதா என்பதுதான் என் கவலை.

அதே ஆய்வுகள் சொல்கிற இன்னொரு விஷயம் என்னைப் போன்ற சைட் ஆட்களுக்குச் சுடும். பல விபத்துகள் செல்லின் குறையால் வந்தவை இல்லை. பொருத்தியது, ஒயரிங், கூலிங் பைப், கண்ட்ரோல் இவற்றில்தான் கோளாறு, அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு வருடத்துக்குள். ஆஸ்திரேலியாவில் கீலோங் பக்கம் 2021 ஜூலை 30ஆம் தேதி எரிந்ததைப் பாருங்கள். கூலிங் திரவம் கசிந்து உள்ளே ஷார்ட் ஆகியிருக்கிறது. டெஸ்டிங் முடித்துச் சாவியைத் திருப்பி அந்தப் பெட்டியை ஆஃப் செய்து வைத்திருந்தார்கள், அதனால் கண்காணிப்பும் பாதுகாப்பும் சேர்ந்தே ஆஃப். யாருக்கும் எச்சரிக்கை போகவில்லை. காற்றில் பக்கத்துப் பெட்டிக்கும் பரவி, முழுதாக அடங்க நான்கு நாள் ஆனது. மெயினை ஆஃப் பண்ணினால் ஆபத்து போய்விட்டது என்று நாங்கள் காலம்காலமாக நினைத்து வந்தது பேட்டரிக்குப் பொருந்தாது. செல்லுக்குள் இருக்கிற மின்சாரத்துக்கு சுவிட்ச் கிடையாது. இரண்டே பெட்டியோடு நின்றதற்குக் காரணம் இடைவெளியும் நின்று தண்ணீர் அடித்த வீரர்களும்தான்.

2025 ஜனவரியில் கலிபோர்னியாவின் மோஸ் லேண்டிங்கில் நடந்தது நேர் எதிர். பழைய மின்நிலையக் கட்டடத்துக்குள் பேட்டரியை ரேக் ரேக்காக அடுக்கியிருந்தார்கள், பிடித்த தீ பரவிக்கொண்டே போனது, சுமார் 1,200 பேரை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். பிறகு பக்கத்துச் சதுப்பு நிலத்தில் நிக்கல், கோபால்ட் துகள் படிந்திருந்ததை ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். நம் வாய்க்கால் தண்ணீர் எங்கே போய்ச் சேருகிறது என்று லயத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

அமெரிக்கத் தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 855 தரத்தில் வெளியிலே வைக்கிற பேட்டரிக்கும் நில எல்லைக்கும் கட்டடத்துக்கும் பொதுவாகக் குறைந்தது 10 அடி என்று இருக்கிறது. 10 அடி தீக்குச் சரி. புகைக்கு? லயத்து வீடுகளுக்கு இன்னும் அதிகமாகத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்பேன், நிலம் இருக்கிறது, கஞ்சத்தனம் தேவையில்லை.

அப்புறம் வீட்டுப் பேட்டரி. போன மாதம் அக்கா வீட்டுக்குப் போனேன். சோலார் போட்டவர்கள் 10 கிலோவாட் மணி பேட்டரியை மாடிப்படிக்குக் கீழே மாட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதன்மேல் ஈரத் துண்டு காய்கிறது, பக்கத்தில் செருப்பு அலமாரி, அதற்கு அடுத்து மாற்று கேஸ் தோங் (சிலிண்டர்). மேலே படுக்கிற மூன்று பிள்ளைகளுக்கும் இறங்க அந்த ஒரே படி. மாமாவிடம் சொன்னால், "இடம் அழகா இருக்குன்னு அவங்கதான் சொன்னாங்க மச்சான்" என்கிறார். பிரிட்டனில் வீட்டுப் பேட்டரிக்காக 2024இல் வந்த பிஏஎஸ் 63100 தரம் படுக்கையறை, கூரைக்கு அடியில், மாடிப்படி, தப்பிக்கும் வழி எதிலும் வைக்காதே என்று தெளிவாகச் சொல்கிறது. அன்றைக்கே கேஸ் தோங்கையும் அலமாரியையும் எடுத்துவிட்டோம். பேட்டரியை வெளிச்சுவருக்கு, வெயில் படாத பக்கமாக மாற்ற ஆள் சொல்லியிருக்கிறோம், செலவு நம் தலையில். உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது என்று இப்போதே எழுந்து போய்ப் பாருங்கள்.

கூட்டத்துக்கு வந்த தம்பிகளுக்கும் அவர்கள் மேலதிகாரிகளுக்கும் நான் கேட்பது இவ்வளவுதான். 9540ஏ ரிப்போர்ட்டை முழுசாக, விளம்பரத் தாளாக இல்லாமல், எங்கள் ஊர் பொம்பாவிடம் கண்டெய்னர் வருவதற்கு முன்னால் கொடுங்கள். வாயு வெளியேறும் வழி எந்தத் திசை என்று வரைபடத்தில் காட்டுங்கள். தண்ணீர் எங்கிருந்து வரும், மணிக்கணக்கில் அடித்தால் அந்தத் தண்ணீர் எங்கே தேங்கும் என்று சொல்லுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் அடித்தால் யார் போனை எடுப்பார், அவருக்கு மலாயும் தமிழும் தெரியுமா என்றும் சொல்லுங்கள். லயத்துப் பாட்டிமார்களுக்கு ஜன்னலைச் சாத்திவிட்டு எந்தப் பக்கம் நடக்க வேண்டும் என்று ஒரு தடவை நடத்திக் காட்டுங்கள்.

அடுத்த கூட்டம் மாதக் கடைசி ஞாயிறு, காலை பத்து மணி. கேள்விகளைத் தமிழிலும் மலாயிலும் அச்சடித்து வைத்திருக்கிறேன். கீழ்லயத்து ஆட்களை என் வேனில் கூட்டிக்கொண்டு வருகிறேன், இடம் வேண்டுமென்றால் கீழே பெயரைப் போடுங்கள்.